பதினோரு பேரும் உள்ளே

மூன்றாம் மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் தினமும் காலை சரியாக ஒன்பது மணிக்குப் பதினோரு பேர் நுழைந்தார்கள். குறைந்தபட்சம் கதவு அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது.

பாடப் புத்தகங்களை அச்சுக்கு வடிவமைக்கும் அலுவலகம். ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வந்து நினைத்த நேரத்துக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட தலைமையகம், கதவோரம் ஒரு கறுப்புப் பெட்டியைப் பதித்துவிட்டது. அட்டையையோ, பதிவு செய்த செல்போனையோ அதனருகே காட்டினால் 'டிக்' என்று சத்தம் வரும். கதவு திறக்கும். பெயரும் நேரமும் தலைமையகத்துக்குப் பறக்கும். பொய்யாக வருகை காட்டினால் வேலை காலி.

முதல் வாரம் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு ஒன்பதுக்கு வந்தார்கள். இரண்டாம் வாரம் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

வழி என்பது அலுவலக உதவியாளர். ஐம்பது வயது, பக்கத்துத் தெருவில் வீடு, ஒரு நாளும் தாமதமாக வராதவர். ஏழு பேர் அவரிடம் அட்டையைக் கொடுத்தார்கள். மேனேஜரும் இன்னும் இருவரும் கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்களைப் பதிவு செய்து கொடுத்தார்கள். தன்னுடையதோடு சேர்த்துக் காலையில் பதினோரு டிக், மாலையில் பதினோரு டிக். அவருக்கு 'டிக் அண்ணன்' என்றே பெயர் நின்றுவிட்டது. அதுவரை "யோவ், தண்ணி எங்க?" என்றவர்கள் எல்லாம், "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று உருகினார்கள். காலி நாற்காலிகள் பதிவாகிவிடக் கூடாதே என்று மேனேஜரே ஸ்டூல் போட்டு ஏறி, கூரையோரம் மாட்டியிருந்த காமிராவின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒரு வியாழக்கிழமை, புதுப்படம் பார்க்கப் பத்துப் பேரும் கூண்டோடு கிளம்பினார்கள். மாலை ஐந்து மணிக்குத் திரும்பியபோது மேசைகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. பத்து லேப்டாப், சுவரில் இருந்த பெரிய டிவி எதையும் காணோம். நடுவில் டிக் அண்ணன் தலையில் கைவைத்து நின்றார்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கீழ கூப்பிட்டாங்க சார். நான் வெளிய போனது பதிவாகக் கூடாதேன்னு கதவுக்கு நடுவுல ஒரு கட்டைய வெச்சுட்டுப் போனேன். வந்து பார்த்தா…"

மேனேஜர் யோசித்து வாய் திறப்பதற்குள், பதற்றத்துக்குப் பேர்போன புரூஃப் ரீடர் அம்மா போலீசுக்கு போன் போட்டு முடித்திருந்தார்.

வந்த பெண் இன்ஸ்பெக்டர் முதல் வேலையாக மேனேஜரின் போனை வாங்கிக் கதவின் பதிவைப் பார்த்தார்.

"காலையில ஒன்பதுல இருந்து பதினோரு பேரும் உள்ள இருந்திருக்கீங்க. பத்து லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனதை ஒருத்தர்கூடப் பார்க்கலையா?"

"வேலையில மும்முரமா இருந்தோம் மேடம்," என்றார் மேனேஜர்.

"லேப்டாப் இல்லாமலா?"

"பேப்பர்ல புரூஃப் பார்த்தோம்," என்றார் புரூஃப் ரீடர் அம்மா.

"பத்துப் பேருமா?"

"நிறைய தப்பு இருந்துச்சு மேடம்."

இன்ஸ்பெக்டர் டிக் அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க எல்லாரும் எங்க இருந்தாங்க?"

பத்து ஜோடிக் கண்கள் அவரைக் கும்பிட்டன.

"இங்கதான் மேடம். யாரும் தலையே நிமிரலை."

"அப்போ கணக்கு சுலபம்," என்று இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்தார். "வெளியாள் யாரும் வந்ததாப் பதிவில்லை. ஒண்ணு, உங்கள்ல ஒருத்தர்தான் திருடன். இல்லை, நீங்க யாருமே இங்க இல்லை. ஹெட் ஆபீசுக்கு எதுன்னு எழுதட்டும்?"

மற்ற ஒன்பது பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"மேடம்," என்றார் மேனேஜர் கடைசியில், "திருட்டே நடக்கலை."

"லேப்டாப்?"

"சர்வீசுக்குக் கொடுத்திருக்கோம்."

"பத்தையுமா?"

"எல்லாம் ஒரே நாள்ல வாங்கினது மேடம், ஒரே நாள்ல ரிப்பேர் ஆயிடுச்சு."

"டிவி?"

"கண்ணுக்குக் கெடுதின்னு நாங்களேதான் எடுக்கச் சொன்னோம்," என்றார் ஓவியர்.

'புகார் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது. எந்தப் பொருளும் திருட்டுப் போகவில்லை' என்று எழுதி, நேரில் இருந்த சாட்சிகளாகப் பத்துப் பேரும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் மேனேஜர் டிக் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க மட்டும் வாய் தவறியிருந்தா நாங்க பத்துக் குடும்பமும் தெருவுக்கு வந்திருப்போம்."

"இதுல என்ன சார் இருக்கு," என்றார் டிக் அண்ணன் அடக்கமாக. அடுத்த வாரமே ஆளுக்கொரு லேப்டாப் சொந்தக் காசில் வந்து மேசையில் உட்கார்ந்தது. தலைமையகத்திடம் யாரும் மூச்சுகூட விடவில்லை.

ஆனால் கட்டடத்துக்குள் அவருடைய புகழ் எப்படியோ கசிந்துவிட்டது. ஒரு நாள் மதியம் நாலாம் மாடிக் கம்பெனி மேனேஜர், கனமான ஒரு கவரோடு அவரை மாடிப்படியில் மடக்கினார்.

"அண்ணே, எங்க கதவுலயும் பெட்டி மாட்டிட்டாங்க. மொத்தம் இருபத்தாறு அட்டை. கொஞ்சம் தட்டி விட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"எனக்கெதுக்கு சார் வம்பு?"

"உங்களை மாதிரி நம்பிக்கையான ஆளு எங்கண்ணே கிடைக்கும்?"

டிக் அண்ணன் வேண்டாவெறுப்பாகக் கவரை வாங்கி, அட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

போன தடவை பத்து லேப்டாப்பையும் டிவியையும் வீடு சேர்க்கவே ஆட்டோ மூன்று நடை அடிக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை பேசாமல் ஒரு வேன் சொல்லிவிட வேண்டியதுதான்.