வைஸ் தாங்கினால்

பதினாறு மணி நேரம் சாம்பலுக்குள் கிடந்த வைஸை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் கருவியை, அவள் வெளியே எடுத்தாள்.

கையுறையைத் தாண்டி இளஞ்சூடு மட்டும் தெரிந்தது. போதும். அவசரமாக ஆறுகிற வெல்டு விரிசல் விடும். அதற்காகத்தான் டீக்கடை அடுப்பிலிருந்து இரண்டு சட்டி சூடான சாம்பல் கேட்டு வாங்கி வந்து மூடியிருந்தாள். கூச்சத்தை விட்டுக் கேட்பதற்குத்தான் நேரம் ஆனது.

பக்கத்துப் பட்டறை நாச்சிமுத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருநீறெல்லாம் பூசி வச்சிருக்கீங்க அம்மணி. அப்படியே ஒரு கோயிலக் கட்டிப்போடுங்க. இரும்படிக்கறதுக்கு உண்டியலே மேலு."

அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து இன்றுதான் பட்டறைக்குள் வந்திருந்தார். இடுப்பு வலி என்று இத்தனை நாளும் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

லாரி ஸ்பிரிங்கின் பழைய கமான் பட்டையை அறுத்துக் கவ்வும் தாடைகள். ஜாக்கியிலிருந்து கழற்றிய திருகு. சதுரக் குழாய்க்குள் இன்னொரு சதுரக் குழாய். எல்லாம் காயலான் கடையில் பொறுக்கியவை.

வெல்டு மட்டும் அவளுடையது.

அதைக் கற்றுக்கொள்வதற்குள், வெல்டு வெளிச்சம் பட்ட கண் எரிச்சலுக்கு உருளைக்கிழங்கு வெட்டி வைத்துப் பல இரவுகள் படுத்திருக்கிறாள்.

பங்குனியில் அப்பா ஒரே நிபந்தனைதான் சொன்னார். இயற்பியல் படித்துவிட்டுப் பட்டறை வேண்டும் என்கிறவள், முதலில் தன் கையால் ஒரு வைஸ் செய்து காட்டட்டும். தாங்கினால் பட்டறை அவளுக்கு. உடைந்தால் இனி அந்தப் பேச்சு இல்லை.

மேசையில் போல்ட் போட்டு வைஸை இறுக்கினாள்.

செய்தித்தாளில் இரண்டு துண்டு கிழித்தாள். தாடைகளின் இரு முனைகளிலும் ஒவ்வொன்றாக வைத்துத் திருகினாள். ஒன்றை இழுத்தாள். கிழிந்தது, வெளியே வரவில்லை. மற்றதும் அப்படியே. இரண்டு முனையும் ஒன்றுபோலக் கவ்வியிருந்தன.

அப்பா ஒரு மோட்டார் ஷாஃப்டை, கனமான இரும்புத் தண்டை, எடுத்துத் தாடைகளுக்கு நடுவில் வைத்தார். கைப்பிடியில் நீளமான பைப்பைச் செருகினார். முழு உடம்பையும் கொடுத்துத் திருகினார்.

குழாய் முனகியது.

இன்னொரு கால் சுற்று.

இடுப்பு வலிக்காரர் என்பதை அவள் மறந்துபோனாள்.

பிறகு அவர் சம்மட்டியை எடுத்தார்.

முதல் அடி ஷாஃப்டின் மேல் விழுந்தது. அடுத்ததும். மேசை குதித்தது. தகரக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. ஷாஃப்ட் அசையவில்லை.

அடுத்த அடி ஷாஃப்டின் மேல் விழவில்லை. தாடையின் முதுகில் விழுந்தது. வெல்டுக்கு நேராக.

கை தவறியிருக்கும் என்று நினைத்தாள்.

மறுபடியும் அங்கேயே அடித்தார்.

யாரும் வைஸை அப்படி அடிக்க மாட்டார்கள். நாச்சிமுத்து வாசலைவிட்டு உள்ளே வந்தார்.

விரிசல் விட்டிருக்கும், பார் என்றார் அப்பா.

அவள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து வெல்டின் மேல் தடவினாள். ஊறட்டும் என்று காத்திருந்தாள். சுத்தமாகத் துடைத்தாள். சாக்பீஸைப் பொடித்து அதன் மேல் பூசினாள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசியும். வெள்ளையில் ஒரு கோடு கருக்கும். மயிரிழையானாலும் கருக்கும்.

மூவரும் குனிந்தார்கள்.

வெள்ளை.

வெள்ளை.

இடது ஓரத்தில் ஏதோ கருத்தது.

"அதோ" என்றார் அப்பா.

அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள். மண்ணெண்ணெய் வாசனை இல்லை. நிமிர்ந்தாள். அப்பாவின் தாடையிலிருந்து இன்னொரு சொட்டு வியர்வை விழத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

துடைத்தாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"தாங்கிருச்சுங்ப்பா."

பங்குனியிலிருந்து அவள் காத்திருந்த ஒன்றை அவர் முகத்தில் தேடினாள். அங்கே அது இல்லை. அடுப்பில் பால் பொங்குவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்போல அந்த வெல்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் சம்மட்டியைத் தூக்கினார்.

நாச்சிமுத்து அதன் பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"போதுமுங்ண்ணா. இது ஒடையாது. அம்மணிகிட்டச் சொல்லிருங்க."

அவள் நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவர் பார்வையைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள்.

அப்பா சம்மட்டியைக் கீழே வைத்தார். பைப்பை உருவினார். திருகைப் பின்னால் சுற்றினார். அது சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்தது. ஷாஃப்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார்.

"பட்டறைய போன அமாவாசைக்கே நாச்சிமுத்துக்கு வெலைக்குக் குடுத்துட்டேன் கண்ணு."