உள்ளங்கை

காப்பித் தட்டை நீட்டிய ரஞ்சிதாவின் விரல்களையே மாப்பிள்ளை அசோக்குமார் உற்றுப் பார்த்தான். அவன் டம்ளரை எடுத்ததும் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டென்று கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இரண்டு சம்பந்தங்கள் இந்தக் கையால்தான் தட்டிப்போயிருந்தன.

“கையில என்னங்க?”

அம்மாவின் முகம் வெளிறியது. ரஞ்சிதாவே சொன்னாள்: “நோயெல்லாம் இல்லைங்க. ஜூஸ் கம்பெனியில பாட்டில் மூடிங்களைக் குளோரின் தண்ணியில முக்கி எடுக்கறேன், கிருமி சாகறதுக்கு. அதுல தோல் உரியுது.”

“கிளவுஸ் குடுக்கறதில்லையா?”

“குடுக்கறாங்க. போட்ட அரை மணியில கிழிஞ்சிடும்.”

“ஜூஜுவாடியில இருக்கற கம்பெனியா?”

“ஆமாங்க.”

அவன் குடிக்காமலே காப்பியைக் கீழே வைத்தான். இதுவும் போச்சு என்று நினைத்தாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க,” என்றான், தலை நிமிராமல். “ஆனா அந்த மட்டமான கிளவுஸை அங்க சப்ளை பண்றவன் நான்தான். என்னைப் பிடிச்சிருக்கான்னு இனி நீங்கதான் சொல்லணும்.”