குளிர் தாங்காத பைப்

எந்த வீட்டுப் பைப் உறைகிறது என்று தெருவே கவனிக்கட்டுமென்று, கனடாவின் ஸ்காபரோவில் எல்லார் வீட்டு அறைச் சூட்டையும் எல்லார் வீட்டுச் சுவர்த் திரையிலும் காட்டத் தொடங்கினார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அடிக்கடி எழும்பிப் போய்ப் பார்த்தேன். வெளியே மைனஸ் நாற்பத்தொன்று. முன்வீட்டுப் பவளராணி அக்காவின் ஆளில்லாத பேஸ்மென்ட்டில் இருபத்திரண்டு!

ஓடிப்போய்க் கேட்டேன்.

“பைப் உறையாமலிருக்கத்தான்.”

“பைப்புக்குப் பத்துக் காணுமேயக்கா?”

“இது குளிர் தாங்காத பைப்.”

கீழே பைப் இருமியது. எனக்குத் தெரிந்த இருமல்தான்: அக்காவின் மகளை விட்டுப் போன மருமகன். அவன் இனிப் படி மிதிக்கக்கூடாதென்று கோயில் மண்டபத்தில் சத்தியம் செய்தவர் அக்கா.

அவர் என் கையைப் பிடித்தார். “மகளும் சுவரைப் பாப்பாளே! தெரிஞ்சா என்ர முகத்தில முழிக்கமாட்டாள்.”

வீடு திரும்பி மூச்சு விடவில்லை, அதே தெருவில் இருக்கும் அந்த மகள் சுகந்தினி வந்து நின்றாள்.

“அன்ரி, அம்மான்ர பேஸ்மென்ட்டில ஆர்?”

என் வாயில் எதுவும் நில்லாது. அன்று நின்றது. “பைப்தான் பிள்ளை. குளிர் தாங்காதாம்.”

அவள் என் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருபத்திரண்டு காணாது அன்ரி. இருபத்தஞ்சாக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. அந்தப் பைப்புக்கு மூச்சிழுப்பு வருத்தம்.”