அவர் மட்டும் வேண்டாம்

தன்னை அடையாளம் தெரியாத மருந்துக் கடையாகத் தேடி வந்திருந்தாள் அவள். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள்.

"வீட்டுக்காரர் முதுகுல ஒரு மச்சம். ஓரமெல்லாம் கோணலாகி, நிறமும் மாறிடுச்சு. காட்டலாம்னா, 'எனக்குத் தெரியாதா, ஒண்ணுமில்லை'ன்னு தட்டிக் கழிக்கிறார். தோல் புற்றுநோய்க்கு நல்ல டாக்டர் யாருங்க?"

"இதுல அலட்சியமே கூடாதும்மா. சீக்கிரம் பார்த்தா காப்பாத்திடலாம். நம்ம ஊர்லயே ஒரு கைராசிக்காரர் இருக்காரே, பெரிய ஆஸ்பத்திரியில..."

"அவர் மட்டும் வேண்டாங்க. வேற யாராவது சொல்லுங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது.

"அவருக்கு என்னம்மா குறைச்சல்? எத்தனை பேரைப் பிழைக்க வச்சிருக்கார்! மச்சத்தைப் பார்த்ததுமே சொல்லிடுவாரே!"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"பார்த்தா சொல்லிடுவாருங்க. தன் முதுகை அவரே எப்படிப் பார்ப்பாரு?"