முன்பு, பின்பு

“தண்ணி படத்துல விழவே மாட்டேங்குது சார்” என்று உதட்டைப் பிதுக்கினார் போட்டோகிராபர்.

அவ்வளவு தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது கால்வாய். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம்.

சாயப்பட்டறை முதலாளியின் அக்காவுக்குக் கண் கலங்கியது. கால்வாயின் கடைக்கோடியில்தான் அவள் வீடு. தம்பியின் பட்டறையில் என்ன நிறம் ஓடுகிறது என்பது ஜவுளிக் கடைக்காரர்களுக்கு முன்பே அவள் கிணற்றுக்குத் தெரிந்துவிடும். வெள்ளைத் துணியை அலசினால் ரோஜா நிறத்தில் வரும். கூடப் பிறந்தவன் என்றும் பாராமல் வழக்குப் போட்டாள். எட்டு வருடம் அவன் முகத்தில் விழிக்கவில்லை.

பிறகு அரசாங்கம் மானியம் கொடுத்தது. பட்டறைக்குள் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. தம்பி வீடு தேடி வந்து, “பழைய குழாய மூடி ஆறு மாசமாச்சுக்கா, நீயே வந்து பாரு” என்றான். கிணறு இன்னும் தெளியலையே என்று கேட்டதற்கு, “மண்ணுல ஊறினது, மெல்லத்தான் போகும்” என்றான்.

பாசம் யாரை விட்டது? நேற்றுதான் வழக்கை வாபஸ் வாங்கினாள். இன்று திறப்பு விழாவில் முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி.

மானிய அதிகாரிக்குத்தான் தலைவலி. மேலிடத்துக்கு இரண்டு படம் அனுப்பியாக வேண்டும். முன்பு ஒன்று, பின்பு ஒன்று. ‘பின்பு’ கண்ணெதிரே ஓடுகிறது. ‘முன்பு’க்கு எங்கே போவது? அவர் சோதனைக்கு வந்தபோதெல்லாம், சொல்லிவிட்டு வந்ததாலோ என்னவோ, தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்திருக்கிறது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை இந்தக் கால்வாய் ஒருநாளும் கெட்டதே இல்லை.

“ஒரே ஒரு நிமிஷம், அந்தப் பழைய குழாயத் திறந்து விடுங்களேன்” என்று குழைந்தார். ஒரு சொட்டு சாயம் வெளியே வந்தாலும் சீல் வைப்பேன் என்று மிரட்டிய அதே வாய்.

தம்பி பதறினான். “ஐயையோ, அது துருப்பிடிச்சுக் கெடக்கும் சார். அசையவே அசையாது.”

“முயற்சி பண்ணுங்க. நாட்டுக்காக.”

ஆட்கள் இருவர் கடப்பாரையோடு கிளம்பினார்கள். அவர்களைத் தடுத்துவிட்டுத் தம்பி தானே சுவருக்குப் பின்னால் போனான்.

இரும்பு கிறீச்சிடப் போகிறது என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்த பிறகும் ஒரு சத்தமும் இல்லை.

சிவப்புதான் வந்தது. ஆவி பறக்க, குபுகுபுவென்று.

கூட்டம் கை தட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் அதிகாரி. “அடடா, எவ்வளவு மோசமா இருந்திருக்கு பாருங்க!”

தம்பி திரும்பி வந்தான். வெள்ளைச் சட்டை கசங்கவில்லை. நெற்றியில் வியர்வை இல்லை.

“அக்காவும் தம்பியும் கை கோத்து நில்லுங்க. சிரிங்கம்மா!”

தம்பி கையை நீட்டினான். பிடித்தாள்.

வழுக்கியது.

படம் எடுத்து முடிக்கும்வரை அக்கா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் கையை விரித்துப் பார்த்தாள். ஒட்டியிருந்தது துரு இல்லை. புதுக் கிரீஸ்.

அவசரமே படாமல், விரல் விரலாக, அதை அவன் சட்டையில் துடைத்தாள்.