ஆன் டைம், இன் டைம்

குவைத் வேலையை விட்டு வந்த சூசைராஜுக்கு வீட்டில் பேச ஆளில்லை. அதனால்தான் இந்த வயதில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார்.

"சொன்ன மணிக்கு வந்தா ஆன் டைம். காரியம் கைமீறிப் போறதுக்குள்ள வந்தா இன் டைம்," என்றாள் டீச்சர் ஷர்மிளா. "சார், ஒரு உதாரணம் சொல்லுங்க."

அவர் எழுந்து ஆங்கிலத்திலேயே சொன்னார். "என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். என் விமானம் ஆன் டைம் வந்தது. நான் இன் டைம் வரவில்லை."

டீச்சரின் காது இலக்கணத்தில் இருந்தது. "தப்பே இல்ல சார்!" என்றாள். வகுப்பு கைதட்டியது. தட்டி ஓயும்வரை அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"அடுத்தது ஃபார் த டைம் பீயிங். இப்போதைக்குன்னு அர்த்தம். இதுக்கும் நீங்களே சொல்லுங்க."

"ஃபார் த டைம் பீயிங்..." என்று தொடங்கியவருக்கு மீதி ஆங்கிலம் வரவில்லை. "இப்போதைக்கு ரெண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன், மிஸ். ஒரு ஆளுக்கு அளவு தெரியல."

யாரும் கைதட்டவில்லை. ஷர்மிளா சாக்பீஸை வைத்துவிட்டு அவர் பெஞ்சுக்கு வந்தாள்.

"அவங்க பேரு என்ன சார்?"

"அமலோற்பவம்," என்றார். அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி நெடுநாளாகியிருந்தது.