கவசத்துக்குள் ஓர் ஆயர்

டென்மார்க் அரசரின் கடைசி மகன் யோவாகிம் கருங்கவசத்துக்குள் ஓவியத்துக்காக நிற்கிறார். அரியணை அண்ணனுக்கு என்பதால், இவருடைய பிழைப்புக்கு இந்த ஜெர்மானிய ஊரின் புராட்டஸ்டன்ட் ஆயர் பதவியை வாங்கிக் கொடுத்திருக்கிறார் தகப்பனார். ஒரு செபம்கூட முழுதாகத் தெரியாத ஆயர். ஓவியத்தில் அவருக்குப் பின்னால் கத்தோலிக்கப் படை ஏற்கெனவே தோற்று ஓடுகிறது. சன்னலுக்கு வெளியே அதே படை ஊரை நோக்கி ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது. பீரங்கி முழங்கும்போதெல்லாம் கண்ணாடி அதிர்கிறது; முழக்கம் ஓய்ந்த பிறகும் அவருடைய முழங்கால் தகடுகள் மட்டும் கடகடவென்று ஆடுகின்றன. “அது நம்ம பீரங்கிதானே, பாலே?” கவசத்தின் வார்களை இறுக்கும் பணியாள் பாலே நிமிரவே இல்லை. “நம்மளது விடியறப்பவே ஓஞ்சுபோச்சு, பிரபு.” “குதிரை?” “பின்னால சேணம் போட்டு நிக்குது. ஆனா ரெண்டு வாசல்லயும் சனம் முட்டி போட்டிருக்கு. ஆயர் நம்மள விட்டுட்டுப் போகமாட்டாருன்னு ஒரே அழுகை.” இளவரசரின் மேலுதட்டில் வியர்வை மின்னுகிறது. கவசத்தின் பளபளப்பைத் தீட்டிக்கொண்டிருந்த டச்சு ஓவியர் கோவர்ட் சட்டென்று தூரிகையைக் கழுவி, தோல்நிறம் குழைக்கத் தொடங்குகிறார். “முகத்த இப்பவே முடிச்சிடலாம், பிரபு.” “ஏன், நாளைக்கு ஆகாதா?” “கவசத்த நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் மாட்டி வரைஞ்சுக்கலாம்” என்கிறார் ஓவியர், வெகு பணிவாக. “எங்க, கொஞ்சம் வீரமா பாருங்க.”